டின்னில் ‘டிராபிகல் ஹைப்ரிட்’ என்று போட்டிருக்கிறது, அது என்ன டாக்டர்?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மதுரை திருநகரில் இருக்கிறோம். மகனுக்கு வயது 27, டொராண்டோவில் வேலை. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறை மேல்தட்டில் சின்ன டின் ஒன்று இருந்தது. திறந்தால் ஆரஞ்சு மிட்டாய் வாசனை. ‘டிராபிகானா குக்கீஸ், டிராபிகல் ஹைப்ரிட், 3.5 கிராம்’ என்று அட்டை. கீழே ‘டிஎச்சி 6 மி.கி., மொத்த டிஎச்சி 231 மி.கி., சிபிடி 0’ என்று கிராம் கணக்கில் போட்டிருந்தது. கேட்டதற்கு, “கஞ்சாதாம்மா. இங்கே சட்டப்படி கடையில விக்கிறான். இது பழ வகை, லேசானது. ராத்திரி தூக்கத்துக்குத்தான்” என்றான். சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் வருகிறான். அப்பாவின் மூட்டு வலிக்கு இதே சரக்கில் செய்த கம்மி மிட்டாய் கொண்டுவருவதாகச் சொல்கிறான். கணவருக்கு 68 வயது; இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். என் தம்பிக்கு 23 வயதில் மனச்சிதைவு நோய் வந்து இன்னும் மருந்தில் இருக்கிறான். நான் பயப்பட வேண்டுமா? மகனிடம் எப்படிப் பேசுவது, வந்த பிறகா, போனிலேயேவா?

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மிட்டாய் உங்கள் வீட்டுக்கு வரவே கூடாது. உங்கள் கணவரின் வார்ஃபரின் ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். இரண்டைப் பற்றியும் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் டின்னில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ‘லேசானது’ என்று மகன் சொன்னதை அந்த அட்டையே மறுக்கிறது. அவர் உங்களை ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். பழப் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

டிராபிகானா குக்கீஸ் என்பது ‘டேஞ்சி’, ‘கேர்ள் ஸ்கவுட் குக்கீஸ்’ என்ற இரண்டு ரகங்களைக் கலந்து அமெரிக்காவில் உருவாக்கியது. டேஞ்சி ஆரஞ்சு வாசனைக்குப் பேர்போனது, குக்கீஸ் வீரியத்துக்கு. பூ கரும்பச்சையும் ஊதாவுமாக இருக்கும். அந்த ஊதா ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்துக்கு நிறம் கொடுப்பதும் அதே குடும்பம்தான். அதற்கும் போதைக்கும் சம்பந்தமில்லை. பூவின் மேல் சர்க்கரை தூவியது போல மினுமினுப்பவை பிசின் சுரப்பிகள். போதை தரும் டிஎச்சியும் வாசனை எண்ணெயும் அவற்றில்தான் ஊறுகின்றன. பழமோ பழச்சாறோ எதுவும் இதில் சேரவில்லை.

அப்படியானால் ஆரஞ்சு வாசனை எங்கிருந்து வந்தது? செடியே தயாரிக்கும் டெர்பீன் என்ற வாசனைப் பொருள்களிலிருந்து. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன், மாம்பழத்திலும் எலுமிச்சைப்புல்லிலும் இருக்கும் மிர்சீன், மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் காரியோஃபிலீன், இந்த மூன்றும் இந்த ரகத்தில் தூக்கலாக இருக்கும். கொத்தமல்லி விதைக்கும் உங்கள் ஊர் மல்லிகைப் பூவுக்கும் மணம் தரும் லினலூல்கூடப் பல கஞ்சா ரகங்களில் உண்டு. அன்னாசி, கொய்யா, பேஷன் பழம் என்று சொல்லும்படியான ‘டிராபிகல்’ வாசனைக்கு டெர்பீன் மட்டும் காரணமில்லை என்பது சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெளிவானது. மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் அந்த மணத்தைத் தருகின்றன. பேஷன் பழத்திலும் பம்ப்ளிமாஸிலும் இருப்பவை அவற்றுக்கு நெருங்கிய உறவு. நல்ல பூவில் டெர்பீன் எல்லாம் சேர்ந்தே எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்குதான் இருக்கும். மூக்குக்கு அது தாராளம். போதையின் அளவை அது தீர்மானிப்பதில்லை. மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் புகைத்தால் போதை கூடும் என்று பையன்களிடையே ஒரு கதை உலவுகிறது. மிர்சீனை வைத்துக் கட்டிய கதை அது, நிரூபணம் எதுவும் கிடையாது.

‘ஹைப்ரிட்’ என்ற சொல்லுக்கும் பெரிய அர்த்தம் வைக்க வேண்டாம். இண்டிகா என்றால் தூக்கம், சடைவா என்றால் உற்சாகம், ஹைப்ரிட் என்றால் நடுவாந்தரம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். லின்னேயஸ் 1753-இல் சடைவா என்று பெயர் வைத்ததும், லமார்க் 1785-இல் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து இண்டிகா என்று பெயர் வைத்ததும் செடியின் உருவத்தைப் பார்த்துத்தான்; மனிதரை அது என்ன செய்யும் என்று பார்த்து அல்ல. இன்று கடையில் விற்பவை அநேகமாக எல்லாமே கலப்புதான். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் பார்த்தபோது, இண்டிகா, சடைவா என்ற ஒட்டுச்சீட்டு செடியின் மரபணுவோடு பொருந்தவில்லை. ஒருசில டெர்பீன்களோடுதான் ஓரளவு ஒத்துப்போனது. மண்வாசனை அடித்தால் இண்டிகா என்றும் இனிப்பு வாசனை என்றால் சடைவா என்றும் எழுதிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு கடையில் வாங்கினால் இரண்டு விதமாக இருப்பதும் சகஜம். ஆகவே பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.

எண் இரண்டு இருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். பச்சைப் பூவில் டிஎச்சி நேரடியாக இருப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி டிஎச்சிஏ என்ற அமில வடிவில் இருக்கும். அதற்குப் போதை கிடையாது. நெருப்பு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து டிஎச்சி ஆகிறது. எடை கொஞ்சம் குறைவதால் டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்கி, ஏற்கெனவே இருக்கும் டிஎச்சியைக் கூட்டி, ‘மொத்த டிஎச்சி’ என்று போடுவார்கள். புகைப்பவருக்குப் பொருந்துவது இரண்டாவது எண். கிராமுக்கு 231 மில்லிகிராம் என்றால் 23.1 சதவீதம். முதல் எண்ணை மட்டும் பார்த்து ‘ஆறுதானே’ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

அரை கிராம் சுருட்டினால் அதில் சுமார் 115 மில்லிகிராம் டிஎச்சி. புகையில் பாதிக்கு மேல் எரிந்தும் காற்றில் கலந்தும் போய்விடும். பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் ரத்தத்துக்கு வரும், இழுக்கும் விதத்தைப் பொறுத்து. குறைந்த கணக்கே 11 மில்லிகிராம். ஆராய்ச்சியாளர்கள் ஒரு ‘அலகு’ என்று வைத்திருப்பது 5 மில்லிகிராம். அமெரிக்காவில் காவல்துறை பிடித்த கஞ்சாவில் 1995-இல் சராசரி டிஎச்சி 4 சதவீதம் அளவில் இருந்தது, 2014-இல் 12-ஐத் தொட்டது. உங்கள் மகனின் டின் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிபிடி பூஜ்யம் என்பதையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிபிடி கஞ்சாவில் இருக்கும் இன்னொரு பொருள், அதற்குப் போதை இல்லை. இந்த வகைச் செடிகளில் டிஎச்சியை ஏற்றிக்கொண்டே போனதில் சிபிடி காணாமல் போய்விட்டது என்பதுதான் அந்த பூஜ்யத்தின் பொருள். இவ்வளவையும் வைத்து இதை ‘லேசான பழ வகை’ என்று யாரும் சொல்ல முடியாது. வீரியமான கஞ்சா, பழ வாசனையில்.

இனி உங்கள் தம்பி விஷயம். மகனிடம் நீங்கள் இன்னும் சொல்லாமல் இருந்தால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடத்தி 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஆய்வில், டிஎச்சி 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, உளப்பிறழ்வு (நிஜம் எது, பிரமை எது என்று தெரியாமல் போகும் நிலை) வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது. கஞ்சாவே நேரடிக் காரணம் என்று இந்த ஒரு எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது. புகைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதும் இல்லை. ஆனால் தாய்மாமனுக்கு மனச்சிதைவு இருக்கும் ஒருவருக்கு அடிப்படை வாய்ப்பே மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலின் மேல் 23 சதவீதச் சரக்கைத் தினமும் ஏற்றுவதுதான் எனக்குக் கவலை. ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் 30 வயதுக்குள் தலைகாட்டும். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டவில்லை.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றும் சொல்கிறேன். புகைத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கண் சிவப்பு, படபடப்பு, பசி, ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்ற கூச்சம், இதெல்லாம் போதையோடு வந்து போதையோடு போகும். புகைக்காத நாளிலும் சந்தேகம் நீடித்தால், போன் தன்னை ஒட்டுக்கேட்கிறது, அலுவலகத்தில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாகச் சொன்னால், பேச்சு கோர்வை இல்லாமல் போனால், நண்பர்களைவிட்டு அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால், வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். உங்கள் தம்பிக்கு ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அதை மகனிடம் விவரமாகச் சொல்லுங்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது அவருக்கு உறைக்கும்.

கம்மிக்கு வருவோம். கனடாவில் சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு பொட்டலத்துக்கு மொத்தம் 10 மில்லிகிராம் டிஎச்சிதான் இருக்கலாம். ஒரே பொட்டலத்தில் 500 என்று போட்டிருந்தால் அது கள்ளச் சரக்கு. புகை சில நிமிடத்தில் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். மிட்டாய் ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஈரலில் டிஎச்சி இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறி ஆறு, எட்டு மணி நேரம் நிற்கும். பெரியவர்களிடம் தப்பு நடப்பது இந்த இடைவெளியில்தான். ஒன்று தின்று ஒரு மணி நேரம் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லையே என்று இன்னொன்றைப் போடுவார்கள், இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் ஏறும். பாத்ரூம் போக எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். 68 வயதில், வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் மண்டைக்குள் ரத்தம் கசியும் அபாயம் சாதாரணமல்ல.

விழாவிட்டாலும் சிக்கல் உண்டு. வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை டிஎச்சியும் சிபிடியும் மந்தப்படுத்தக்கூடும். அப்போது மாத்திரையின் அளவு மாறாமலேயே ரத்தத்தில் மருந்து கூடி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறும். இப்படி ஏறி ரத்தக்கசிவு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ‘போதை இல்லாத வெறும் சிபிடி எண்ணெய்தானே’ என்று மகன் மாற்று சொன்னாலும் இதே பதில்தான். டொராண்டோவில் இருந்தபோது கணவர் ஒன்றிரண்டு ருசி பார்த்திருந்தால் வெட்கப்படாமல் இதய மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் அவருக்கு ஆகாது. பாரசிட்டமால்கூட அளவையும் நாட்களையும் மருத்துவரிடம் கேட்டே. முட்டி வலி என்றால் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான் உருப்படியான வழி. ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நான்கைந்து முறை போய்க் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம்.

சட்டம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையாகிறது. ஆனால் அந்த நாட்டின் எல்லையைத் தாண்டி எடுத்துப்போவது அங்கேயே குற்றம், மருத்துவச் சீட்டு இருந்தாலும். அவர் மதுரைக்கு வரும் வழியையும் யோசியுங்கள். சிங்கப்பூர் வழியாகவோ துபாய் வழியாகவோதான் பலர் வருகிறார்கள். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. சிறு அளவுக்கும் சிறை. துபாயும் தயவு காட்டும் ஊர் இல்லை.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கஞ்சாப் பூ ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’, அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எண்ணெய், பிசின் என்று வந்தால் கணக்கு மாறும். ஹஷிஷ் எண்ணெயைச் சட்டம் சரஸ், அதாவது கஞ்சாப் பிசின், என்று பார்க்கிறது. அதில் சிறு அளவு 100 கிராம் மட்டும். கலவையாக இருந்தால் போதைப்பொருளை மட்டும் நிறுத்துப் பார்க்க மாட்டார்கள், மொத்த எடையும் கணக்கில் வரும். உச்ச நீதிமன்றம் 2020-இல் இதை உறுதி செய்துவிட்டது. மிட்டாயில் சர்க்கரையும் ஜெலட்டினும்தான் முக்கால் எடை என்ற வாதம் அங்கே எடுபடாது. கூரியரில் அனுப்பலாம் என்று யோசனை வந்தால், அந்தப் பொட்டலத்தின் மேல் இருக்கப்போவது உங்கள் பெயரும் திருநகர் முகவரியும். வேப் கருவி கொண்டுவந்தால் 2019-ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டம் தனி.

எடுத்து வராமலேயே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடக்கலாம். தினமும் புகைப்பவர் நிறுத்தினால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, விசித்திரமான கனவுகள் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அவருடைய மொத்த விடுமுறையே அவ்வளவுதான்! ஆசையாக வாங்கி வைத்த கறிதோசையைத் தள்ளிவைப்பார், மீனாட்சி கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் சுள்ளென்று விழுவார், அழகர் ஆற்றில் இறங்கும் விடியலுக்கு மட்டும் கூப்பிடாமலேயே விழித்திருப்பார், தூங்கியிருந்தால்தானே. விமானப் பயணக் களைப்பு ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் இதுவாக இருக்கலாம். ‘எனக்குத் தூக்கத்துக்கு அது தேவைப்படுகிறது’ என்று அவர் சொல்வதன் பின்னாலும் இதே கணக்குதான் இருக்கக்கூடும். ஆரம்பத்தில் சீக்கிரம் தூங்க வைப்பது, பழகிய பிறகு இல்லாவிட்டால் தூங்க விடாமல் செய்வதாக மாறிவிடுகிறது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. வருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே அளவைப் படிப்படியாகக் குறைத்து வந்தால் இங்கே அவஸ்தை குறையும். காலை வெயிலில் நடை, மதியத்துக்கு மேல் காபியைத் தவிர்ப்பது, இரவில் வெந்நீர்க் குளியல், இவை உதவும். தூக்க மாத்திரையை உங்கள் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வெந்நீரில் நின்றால் மட்டும் நிம்மதி என்று சொன்னால், அது நீண்டநாள் கஞ்சாவால் வரும் வாந்தி நோயாக இருக்கலாம். நீர்ச்சத்து குறைவதற்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கஞ்சா விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: தாங்க முடியாமல் இங்கே பழைய நண்பர்கள் மூலம் பொட்டலம் தேடிப் போனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல எந்த அட்டையும் இருக்காது. உபயோகித்ததற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

பேசுவது போனிலேயே, இந்த வாரமே. வந்த பிறகு பேசினால் பெட்டி ஏற்கெனவே கட்டியாகியிருக்கும். “ஏன்டா இப்படிச் செய்கிறாய்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடியும். விவரம் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள்? ஒரு டின் எத்தனை நாள் வருகிறது? (3.5 கிராம் ஒரு மாதம் வந்தால் ஒரு கதை, ஒரு வாரத்தில் தீர்ந்தால் வேறு கதை.) இரவில் மட்டுமா, காலையிலும் உண்டா? புகையிலை கலக்கிறானா? நிறுத்திப் பார்த்து முடியாமல் போனதுண்டா? புகைத்துவிட்டு வண்டி ஓட்டுகிறானா? வாரம் ஒன்றிரண்டு நாள், இரவில், சிரமமில்லாமல் நிறுத்த முடிகிறது என்றால் மாமாவின் கதையைச் சொல்லி நிறுத்தச் சொல்வதே போதும். அதற்கும் இணங்காவிட்டால் குறைந்தபட்சம் டிஎச்சி 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கச் சொல்லுங்கள். அது பாதுகாப்பு என்று சொல்லவில்லை, இப்போதிருப்பதைவிடக் குறைந்த ஆபத்து, அவ்வளவுதான். தினமும், காலையிலும் என்றால் இது பழக்கத்தைத் தாண்டிவிட்டது, சிகிச்சை வேண்டும். ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு ‘கனெக்ஸ்ஒன்டாரியோ’ என்ற இலவச உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. இங்கே வந்த பிறகு என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது; அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, போதைப்பழக்க உதவி எண் 14446, இரண்டிலும் நீங்களே பேசலாம், மகன் பேச வேண்டும் என்றில்லை.

மிட்டாய் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வரி: “அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார், அந்த மிட்டாய் அவருக்கு ரத்தக்கசிவு வரவழைக்கலாம், கொண்டுவராதே.” அப்பாவுக்கு நல்லது செய்ய நினைத்துத்தான் வாங்கி வருவதாகச் சொன்னார். முட்டிக்குப் போடும் நல்ல ‘நீ பிரேஸ்’ அங்கே கிடைக்கும், அளவு எடுத்து அனுப்பி அதை வாங்கி வரச் சொல்லுங்கள். முட்டியின் நடுவிலும், அதற்கு நான்கு விரற்கடை மேலேயும் கீழேயும் என மூன்று இடத்தில், நின்றபடி, இன்ச் டேப்பைத் தளர்வாகப் பிடித்துச் சுற்றளவு எடுத்தால் போதும்.